ஒரே நேரத்தில் இரண்டு மெட்டு: எதிரிசையில் பாட்டுக் கட்டுவது எப்படி?

செத்தவீட்டில் ஒப்பாரி சொல்லி அழும் பெண்களுக்கு அருகில் இருந்தவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். இரண்டு பேர் கட்டிப்பிடித்து அழும்போது ஒருவர் சொல்வதை மற்றவர் சொல்வதில்லை. புதிதாக வந்தவர் கிடத்தியிருப்பவரைப் பற்றித் தொடங்குவார். சற்று நேரத்தில், தான் எப்போதோ இழந்த பிள்ளையிடம் போய்விடுவார். வீட்டுக்காரி இன்றைய சாவிலேயே நிற்பார். சொல் வேறு, இழுவை வேறு, மூச்செடுக்கும் இடமும் வேறு. அப்படியிருந்தும் அது இரைச்சலாகக் கேட்பதில்லை. ஒருவர் மூச்செடுக்கும் இடைவெளியில் மற்றவரின் அடி உயரும். இரண்டு அழுகையும் தனித்தனியாகவும் ஒன்றாகவும் காதில் விழும்.

மேலைத்தேய இசையில் இதற்குக் கிட்டிய ஒரு கலை இருக்கிறது. கவுண்டர்பொயின்ற் என்பார்கள். 'புள்ளிக்கு எதிரே புள்ளி' என்ற பொருள் தரும் லத்தீன் தொடரிலிருந்து வந்த சொல் அது. அந்தக் காலத்தில் சுரத்தைப் புள்ளியாக எழுதினார்கள். ஒரு மெட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரே இன்னொரு மெட்டின் புள்ளியை வைத்தார்கள். இந்தக் கட்டுரையில் எதிரிசை என்று சொல்வோம். 'எதிர்' என்றதும் பகை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எதிர்வீடு என்கிறோமே, அந்த எதிர்தான்.

ஒப்பாரி எதிரிசை அல்ல. அங்கே இரண்டு குரல்களும் எந்தச் சுரத்தில் சந்திக்க வேண்டும் என்று யாரும் திட்டமிடுவதில்லை. எதிரிசையில் அந்தச் சந்திப்புகள் எல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டவை. ஆனாலும் எங்களுடைய காது இதற்குப் புதியதல்ல என்பதைச் சொல்லத்தான் செத்தவீட்டிலிருந்து தொடங்கினேன்.

2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஐந்து வீடுகள். அதே ஆண்டில் சம்பூரிலிருந்தும் மூதூர் கிழக்கிலிருந்தும் சனம் எழும்பி ஓடியது. மூன்று ஆண்டுகளின் பின் முள்ளிவாய்க்கால். இவற்றுக்கெல்லாம் பாட்டு எழுதப்படுகிறது. இப்போது கீபோட்டும் கைப்பேசியும் இருந்தால் ஒரு இரவில் பாட்டு வந்துவிடும். பெரும்பாலானவை ஒரே அச்சில் இருக்கின்றன: ஒரு மெட்டு, அதைப் பாடும் ஒரு குரல், பின்னால் தடித்த கோர்ட்டுகள், ஒரு புல்லாங்குழல். அழுகிறவர் பலர், பாட்டில் வாய் ஒன்று. இரண்டு பேர் இரண்டு விதமாக நினைவுகொள்ளும் ஒரு பாட்டைக் கட்ட விரும்புகிறவருக்கு எதிரிசையின் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். அது அவ்வளவு கடினமானதும் அல்ல.

முதலில் எது எதிரிசை அல்ல என்று பார்த்துவிடலாம். திருகோணமலை நகரில் விடியற்காலையில் நின்றால் கோயில் மணி, பாங்கு, தேவாலய மணி, துறைமுகத்தில் கப்பலின் ஊதல் எல்லாம் கேட்கும். நல்லிணக்கக் கருத்தரங்குகளில் இதை அழகான உவமையாக்கிப் பேசுவதைக் கேட்டுச் சலித்துவிட்டது. அந்த ஒலிகள் ஒன்றையொன்று பொருட்படுத்துவதில்லை. எதிரிசையில் ஒவ்வொரு குரலும் மற்றதைக் கேட்டே அடுத்த அடியை வைக்கும்.

கோணேசர் மீது சம்பந்தர் பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது, பண் புறநீர்மை. பூபாள இராகத்தோடு இணைத்துப் பாடுவது வழக்கம். ஓதுவார் பத்துப் பேர் சேர்ந்தாலும் மெட்டு ஒன்றுதான். கச்சேரியில் வயலின் பாடகரின் பின்னாலே நிழல் போல வரும். அதுவும் அதே மெட்டின் சாயல்தான். நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிறவர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார். எங்கள் மரபு ஒற்றை மெட்டை எவ்வளவு ஆழமாகத் தோண்டலாம் என்று பார்த்த மரபு. இரண்டு கோடுகள் ஒன்றுக்கொன்று எதிராக ஓடும் வித்தையை அது தாளத்தில்தான் வளர்த்தது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்டவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை: கை போடும் தாளம் ஒரு பக்கம், தவிலின் கணக்கு வேறொரு பக்கம், கடைசியில் இரண்டும் ஒரே அடியில் வந்து விழும்.

மெதடிஸ்த மிசனரிமார் இலங்கைக்கு வந்தது 1814இல். அவர்களும் அங்கிலிக்கன் சபையினரும் கொண்டுவந்த ஞானப்பாட்டுகள் நான்கு குரலுக்கு எழுதப்பட்டவை. அதைக் கேட்டு இதுதான் எதிரிசை என்று நினைப்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும் ஹார்மனி. நான்கு குரலும் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் சொல்லி, ஒரே இடத்தில் மூச்செடுக்கும். மேற்குரல் மெட்டைப் பாட, மற்ற மூன்றும் அதற்கு முட்டுக்கொடுக்கும். அந்த மூன்றில் ஒன்றைத் தனியே பாடிப் பாருங்கள். அநேகமாக நாலு சுரத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கும், பாட்டாக இராது. எதிரிசைக்கு இதுதான் சோதனை: எந்தக் குரலைத் தனியே எடுத்தாலும் அது ஒரு மெட்டாக நிற்க வேண்டும்.

இந்த மாவட்டத்தில் எதிரிசையின் விதை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நிலாவெளிப் பக்கத்துக் கரைவலையைக் காட்டுவேன். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டில் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கிப் பாடுவார்கள். வலை கனத்து, இழுவை வேகமெடுத்தால், வாங்குகிறவர்கள் முடிக்குமுன் அடி எடுப்பவர் அடுத்த அடிக்குப் போய்விடுவார். சில நொடிகள் இரண்டு வேறு வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். அந்தச் சில நொடிகளை வேண்டுமென்றே நீட்டினால் எதிரிசை வரும். (இப்போது பல கரைகளில் வலையை இழுப்பது வின்சும் உழவு இயந்திரமும். அவற்றுக்கு அம்பா தேவையில்லை.)

ஐரோப்பாவில் இந்தக் கலை தேவாலயங்களில் பல நூற்றாண்டுகளாக வளர்ந்தது. அதைப் படிப்படியாகக் கற்பிக்கும் நூலாக எழுதியவர் வியன்னாவில் வாழ்ந்த ஜொஹான் ஜோசப் ஃபுக்ஸ். 1725இல் லத்தீனில் வெளிவந்த அந்த நூல் குரு சீட உரையாடலாக அமைந்தது. ஹைடன் அதைப் படித்தார். மொஸார்ட்டும் பீத்தோவனும் அந்தப் பயிற்சிகளைச் செய்தார்கள். அதே காலத்தில் ஜெர்மனியில் இருந்த ஜொஹான் செபஸ்தியான் பாக் எதிரிசையின் உச்சம் என்று சொல்லப்படுபவர். தன் மகனுக்கும் மாணவர்களுக்குமாக அவர் எழுதிய 15 இரண்டு குரல் பயிற்சிகளை இன்றும் பியானோ பழகும் பிள்ளைகள் வாசிக்கிறார்கள். இடக்கையும் வலக்கையும் ஒரே மெட்டைத் துரத்தித் துரத்தி வாசிக்கும்.

தமிழ்க் காதுக்கு இதைக் கொண்டுவந்து சேர்த்தவர் இளையராஜா. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைத்தேய இசையைப் படித்தவர். லண்டன் ட்ரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிற்றார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். 1976இல் அன்னக்கிளி. இரண்டே ஆண்டில், 1978இல், சிட்டுக்குருவி படத்துக்காக 'என் கண்மணி' பாட்டைச் செய்தார். எஸ்.பி. பாலசுப்ரமணியமும் பி. சுசீலாவும் பாடிய அந்தப் பாட்டில் குரல்கள் ஒன்றின் இடைவெளியில் ஒன்று புகுந்து பின்னிக்கொண்டு போகும். டூயட் என்றால் அவர் ஒரு வரி, இவர் ஒரு வரி என்றிருந்த காலத்தில் அது புதிது. 1985இல் பகல் நிலவு படத்தின் 'பூமாலையே' இன்னும் ஒரு படி மேலே போனது. இளையராஜாவும் எஸ். ஜானகியும் வேறு வேறு வரிகளை, வேறு வேறு மெட்டில், ஒரே நேரத்தில் பாடுகிறார்கள். இரண்டையும் காது பிரித்துக் கேட்கிறது. எதிரிசை என்றால் என்ன என்று கேட்கும் எவருக்கும் முதலில் போட்டுக் காட்ட வேண்டிய பாட்டு இது.

1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' சினிமாவுக்கு வெளியே செய்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட அந்தத் தொகுப்பில் வி.எஸ். நரசிம்மனின் வயலின் கர்நாடக இராகத்தில் போக, சுற்றிலும் உள்ள வயலின்கள் பாக்கின் முறையில் அதற்கு எதிர்க்கோடு போடும். 2025 மார்ச் 8ஆம் திகதி லண்டனில் அரங்கேறிய அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியைப் பற்றி எங்கள் ஊடகங்கள் நிறையவே எழுதிவிட்டன. ஆனால் படிக்க விரும்புகிறவருக்கு அந்தப் பழைய கசெற்தான் நல்ல பாடப்புத்தகம் என்பது என் எண்ணம்.

இங்கே எங்கள் தலைமுறையின் கதை ஒன்றும் இருக்கிறது. இளையராஜாவின் எதிரிசை அதிகம் ஒளிந்திருப்பது குரல்களில் அல்ல, பேஸ் கிற்றாரில். சாதாரணப் பாட்டில் பேஸ் கோர்ட்டின் அடிச்சுரத்தைத் தட்டிக்கொண்டிருக்கும். இவருடைய பாட்டுகளில் அது தனக்கென ஒரு மெட்டோடு பாடகருக்கு எதிரே நடக்கும். பாடகர் ஏறும்போது இறங்கும், பாடகர் நிற்கும்போது ஓடும். 1990க்குப் பிறகு வடக்கில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் றேடியோவும் கசெற்றும் கேட்டோம். அந்தச் சின்ன ஒலிபெருக்கியில் பேஸ் வராது. ஆக, அவருடைய மிகச் சிறந்த பாட்டுகள் வெளிவந்த காலத்தில் அவற்றின் பாதியைக் கேட்காமலே நாங்கள் அழுதும் ஆடியும் இருக்கிறோம். இப்போது நல்ல ஹெட்போன் ஒன்றைப் போட்டு, பாடகரை விட்டுவிட்டு, பேஸை மட்டும் முணுமுணுத்துக்கொண்டு ஒரு பாட்டு முழுவதும் போய்ப் பாருங்கள். எதிரிசைக்கு இதைவிட நல்ல முதற் பயிற்சி எனக்குத் தெரியாது.

இனி, கட்டுவது எப்படி என்று பார்ப்போம்.

இரண்டு சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும்போது சில சோடிகள் அமைதியாக இருக்கும், சில உரசும். ச-வோடு மேல் ச, ச-வோடு ப, ச-வோடு க, ச-வோடு த: இவை இணங்கும். அடுத்தடுத்த சுரங்களான ச, ரி உரசும்; ச-வும் நி-யும் உரசும்; ச-வும் பிரதி மத்திமமும் கடுமையாக உரசும். தொடக்கத்தில் இணங்கும் சோடிகளை மட்டும் பாவியுங்கள்.

அடுத்தது திசை. முதற்குரல் இறங்கினால் இரண்டாவது ஏறட்டும். எப்போதும் அல்ல, பெரும்பாலும். இரண்டு குரலும் ச-ப இடைவெளியையோ, ச-மேல்ச இடைவெளியையோ பிடித்துக்கொண்டு ஒன்றாகவே நகர்ந்தால் காது அதை ஒரே குரல் தடித்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஃபுக்ஸின் சீடர்கள் இந்தப் பிழைக்காகத்தான் அதிகம் திட்டு வாங்கியிருப்பார்கள்.

மோகனத்தில் ஒரு சிறு உதாரணம் தருகிறேன். மோகனத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ச ரி க ப த என்ற அந்த ஐந்து சுரங்களுக்குள் கடும் உரசல் கொண்ட சோடி ஒன்றுகூட இல்லை. முதற்குரல் மேல் ச-வில் தொடங்கி இறங்குகிறது:

மேல்ச – த – ப – க – ப – க – ரி – ச

இரண்டாவது குரல் நடு ச-வில் தொடங்குகிறது:

ச – ரி – க – ச – கீழ்ப – ச – கீழ்ப – ச

ஒருவர் பாட மற்றவர் கீபோட்டில் வாசித்தால் போதும். ஏழு நகர்வுகளில் ஐந்தில் குரல்கள் எதிரெதிர்த் திசையில் போகின்றன. இரண்டில் மட்டும் சேர்ந்து இறங்குகின்றன. த-வுக்கு எதிரே ரி, ரி-க்கு எதிரே கீழ்ப: இரண்டும் ச-ப இடைவெளிதான், ஆனால் அடுத்தடுத்து வரவில்லை. ஒரு ஸ்தாயி முழுவதும் விலகித் தொடங்கியவை கடைசியில் ஒரே ச-வில் வந்து நிற்கின்றன. இரண்டாவது வரியைத் தனியே பாடினாலும் தாலாட்டுப் போல ஏதோ கேட்கும். அவ்வளவுதான் தேவை. இது பழகிய பின் ஒரு சுரத்துக்கு எதிரே இரண்டு, பிறகு நான்கு என்று போகலாம். ஃபுக்ஸின் வரிசையும் அதுதான்.

அவருடைய நான்காவது படியைத் துயரப் பாட்டு எழுதுகிறவர்கள் தவறவிடக் கூடாது. அதில் ஒரு குரல் பிந்துகிறது. சங்கராபரணத்தில் மேற்குரல் மேல்ச-வைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும். கீழ்க்குரல் க-வில் இருக்கிறது. இணக்கம். இப்போது கீழ்க்குரல் ரி-க்கு இறங்குகிறது, மேற்குரல் ச-வை விடவில்லை. உரசுகிறது. ஒரு அட்சரம் கழித்து மேற்குரல் நி-க்கு இறங்க, உரசல் தீர்கிறது. பின்னர் ஒன்று மேல்ச-வுக்கு ஏற, மற்றது நடு ச-வுக்கு இறங்கி முடிகிறது. ஒன்று போய்விட்டது, மற்றது இன்னும் விடாமல் நிற்கிறது: நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பியத் துக்க இசையின் அழுகை பெரிதும் இந்தப் பிந்துதலில்தான் இருக்கிறது. வயலினில் விம்மலைச் சேர்ப்பதைவிட இது நேர்மையான வழி.

இராகங்களில் பொறிகள் உண்டு. சோகம் என்றதும் எல்லோரும் போவது சிவரஞ்சனிக்கு. மோகனத்தின் க-வைச் சிறியதாக்கினால் சிவரஞ்சனி. ஆனால் அந்த ஒரு மாற்றத்தால் க-வும் த-வும் கடும் உரசல் சோடியாகிவிடுகின்றன, ரி-யும் க-வும் அரைச்சுர நெருக்கத்துக்கு வந்துவிடுகின்றன. க-வுக்கு எதிரே ச அல்லது ப வையுங்கள், த-வைத் தவிருங்கள். பூபாளத்தில் இன்னும் கடினம்: ச-வுக்கு அருகில் சின்ன ரி, ப-வுக்கு அருகில் சின்ன த. முகாரியைத் தொடக்கக்காரர் தொடவே வேண்டாம். அதன் உயிர் கமகத்தில் இருக்கிறது. அசையும் சுரத்துக்கு எதிரே எந்தச் சுரத்தை வைப்பது என்பது எங்கள் இசையில் எதிரிசை எழுதுகிறவருக்கு உள்ள பெரிய சிக்கல். ஒரு குரல் கமகம் போடும்போது மற்றது அசையாமல் நிற்கட்டும், பிறகு முறை மாறட்டும் என்பது நடைமுறையில் உதவும் வழி. இரண்டும் ஒன்றாக அசைந்தால் கலங்கல்தான்.

கடைசியாகச் சொல். இரண்டு பேர் இரண்டு வரியை ஒன்றாகப் பாடினால் சனத்துக்கு எதுவும் விளங்காது என்ற முறைப்பாடு பழையது. 13ஆம் நூற்றாண்டில் பிரான்சில் ஒரு குரல் லத்தீனிலும் மற்றது பிரெஞ்சிலுமாகப் பாடும் பாட்டுகள்கூட இருந்தன. 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கத்தில், தேவாலய இசையில் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பது பேசுபொருளானது. தமிழில் இந்தச் சிக்கல் கூட. எங்களுக்குப் பாட்டு என்றால் வரிதான்.

ஆகவே ஒழுங்கு இப்படி இருக்கட்டும். முதலில் தாயின் வரியை அவரே தனியே இரண்டு தரம் பாடட்டும். பிறகு தங்கையின் வரி, அதுவும் தனியே, அதே நீளத்தில். இரண்டும் கேட்பவரின் மனதில் பதிந்த பின்னர்தான் சேர்த்துப் பாட வேண்டும். அப்போது சொல் முழுவதும் கேட்காவிட்டாலும் பரவாயில்லை, அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். தாய் நெடில்களில் இழுக்கும் இடத்தில் தங்கையின் சொற்கள் குறில்களில் ஓடும்படி எழுதினால் இரண்டும் ஒன்றையொன்று மறைக்காது. ஆண் குரலும் பெண் குரலும் கிடைத்தால் நல்லது. பாடகர் குழுவில் ஆண்களே இல்லை என்றால் (அப்படியான குழுக்கள் எங்கள் ஊர்களில் எத்தனையோ) கீழ்க்குரலை வயலினோ ஹார்மோனியமோ எடுக்கட்டும். கோர்ட்டுகளை நிறுத்திவிடுங்கள், இரண்டு கோடுகள் இருக்கும்போது அவை வெறும் புகை.

மூன்றாம் தரம் வரும்போது இன்னொன்று செய்யலாம். இரண்டு குரலும் சேர்ந்து போய்க்கொண்டிருக்கையில் தாயின் குரலை நிறுத்திவிடுங்கள். தங்கையின் வரி மட்டும் தன் பாட்டில் தொடரட்டும், எதிரே இருந்த வரியின் ஏற்ற இறக்கங்களுக்கு இடம் விட்டபடி. பாடப்படாத அந்த வரி கேட்பவரின் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். இது பலிக்க வேண்டுமானால் அந்த எட்டு அட்சரங்களில் எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. தாளப்பெட்டியை அந்த இடத்தில் அணைத்துவிட்டு, பாடுகிறவர் தொடையில் கையால் தட்டி எண்ணிக்கொள்வதே நல்லது.